அத்தானும் நானும் செப்புச் சுரங்கத்து மேடும்

அத்தானைக் கேட்டால் நாங்கள் அந்த மேட்டில் ஏறியது இரண்டாயிரத்து ஐந்தில் என்பார். ஐந்தில்லை, ஆறு. மொன்ட்ரியாலின் ஜான்-டலோன் சந்தையில் நான் மரக்கறிக் கடையை விட்டுப் பழக்கடைக்கு மாறிய கோடை அது, எனக்குத் தெரியாதா? ஆனாலும் அதைப் பற்றி அவரோடு வாதாடப் போவதில்லை. ஒருமுறை வாய் காட்டி மூன்று வருடம் பட்டது போதும்.

அந்த மூன்று வருடக் கதை சின்னது. அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், ஒரு பழைய வான் வாங்கினார். அது ஒரு மாரியைத் தாண்டாது என்று நான் சொன்னேன். தை மாதத்தில், பாலத்தின் நடுவில், அக்காவும் பிள்ளைகள் இருவரும் உள்ளே இருக்க வான் உயிரை விட்டது. "நான் அப்பவே சொன்னனான்" என்று தொலைபேசியில் சொன்னேன். வீட்டுக்குப் போய் இன்னொரு தரம் சொன்னேன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் பத்துப் பேருக்கு முன்னால் கோப்பி குடித்தபடி மூன்றாம் தரமும் சொன்னேன். அத்தான் கோப்பையை வைத்துவிட்டு வெளியே நடந்தார். அன்றோடு எங்களுக்குள் கதை பேச்சு இல்லை.

எங்கள் ஆட்களுக்கு இது புதினமில்லை. கோபம் என்பதற்காகப் போக்குவரத்தை நிறுத்தத் தேவையில்லை, நடுவில் ஓர் ஆள் இருந்தால் போதும். எங்களுக்கு நடுவில் அக்கா இருந்தார். ஒரே மேசையில் சாப்பிடுவோம். எனக்கு இன்னும் இறைச்சி போடச் சொல்லி அத்தான் அக்காவிடம் சொல்வார். போதும் என்று அத்தானிடம் சொல்லச் சொல்லி நான் அக்காவிடம் சொல்வேன். மூன்றடி அகல மேசைக்கு ஒரு தபால்காரி.

மூன்றாம் வருடக் கோடையில், ஆடி மாதம், அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு பழுது என்று கண்டுபிடித்தார்கள். புரட்டாதியில் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை. அத்தானுக்குத் துறைமுகத்துப் பண்டசாலையில் வேலை, ஒரு கிழமை பகல், மறு கிழமை இரவு. ஆகவே பிள்ளைகளைப் பார்க்க மொன்ட்ரியால்-நோரில் அவர்கள் வீட்டில் நான்தான் வந்து நிற்க வேண்டும். அதற்கு முன் இரண்டு பேரும் கதைத்துவிடுங்கள் என்று அக்கா கேட்டார். அவர் முதலில் வாய் திறக்கட்டும் என்றேன் நான். அத்தானும் தன் பங்குக்கு அதையேதான் சொல்லியிருக்கிறார்.

"நான் மயங்கிக் கிடக்கேக்கை உங்கள் ரெண்டு பேருக்கும் ஆர் கதை காவுறது?" என்றார் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வீம்பு பொல்லாதது.

அக்கா வேலை செய்த தையல் தொழிற்சாலையில், பக்கத்து மெஷினில் ஒரு கியூபெக்காரி இருந்தார். அவருடைய தகப்பன் வழி ஆட்கள் கிழக்கு மலைப்பக்கத்தில் ஒரு செப்புச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். சுரங்கம் மூடிப் பல காலமாம். இப்போது அங்கே இடிந்த சுவர்களும் காட்டுப் புளூபெரியும்தான், ஆவணியில் யாரும் போய்ப் பிடுங்கலாமாம். அவர் ஒரு கடதாசித் துண்டில் வழியும் கீறிக் கொடுத்திருந்தார். மெதுவாக நடப்பது நல்லது என்று டொக்டரும் சொல்லியிருந்தார். அதுவரை புளூபெரியைக் கண்ணெடுத்தும் பாராத அக்காவுக்குத் திடீரென்று அதில் ஆசை வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் காரில் புறப்பட்டோம். அத்தான் ஓட்ட, அக்கா முன்னால், நான் பின்னால்.

"கதவை வடிவாச் சாத்தச் சொல்லும்" என்றார் அத்தான், அக்காவிடம்.

வடிவாகச் சாத்தித்தான் இருந்தது. திறந்து இன்னொரு தரம் அடித்துச் சாத்தினேன்.

இரண்டு மணித்தியால ஓட்டம். இறங்கியதும் எனக்குக் கோபமெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோனது. அப்படி ஓர் இடத்தை நான் கனடாவில் கண்டதில்லை. மரமென்று சொல்ல அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைத் தோல் பேர்ச். மற்றபடி முழங்காலுக்கு மேல் வளராத பற்றை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. காலடியில் மொறுமொறுவென்று சாம்பல் நிறப் பாசி. நடுவில் கூரையில்லாத கல் வீடு ஒன்று, அதன் யன்னலுக்குள்ளால் ஒரு பேர்ச் எட்டிப் பார்த்தது. கொங்கிரீட் மேடைகளில் என் கைப் பருமனில் இரும்பு ஆணிகள் நின்றன, எதைத் தாங்க நின்றனவோ அது இல்லை. தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வாய்க்கால் ஓடியது. எல்லாவற்றுக்கும் பின்னால் சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி வந்த மேடு, புல் பூண்டு இல்லாமல் மஞ்சளாகக் கிடந்தது. காற்று மட்டும் தாராளமாக வீசியது.

புளூபெரி சந்தையில் நான் விற்பதில் பாதியளவுதான், இனிப்போ இரண்டு மடங்கு. நான் வாளியில் ஒன்று போட்டு வாயில் இரண்டு போட்டேன். அரை மணித்தியாலத்தில் அக்கா ஒரு கொங்கிரீட் மேடையில் இருந்துகொண்டார். தனக்கு இவ்வளவும் போதுமாம், நாங்கள் இருவரும் அந்த மஞ்சள் மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு வரலாமாம். கண் தெரியாதவனுக்கும் விளங்கும் சூழ்ச்சி. ஆனால் நெஞ்சு வருத்தக்காரி சொன்னால் மறுக்க முடியுமா? நடந்தோம்.

தபால்காரி இல்லாமல் இரண்டு ஆண்கள் நடப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் இருமினார், மற்றவர் செருமினார். கொஞ்சத் தூரத்தில் துருப்பிடித்த கம்பி ஒன்று பற்றைக்குள் கிடந்தது. ஆட்கள் பார்த்துக் கால் வைப்பது நல்லது என்று அத்தான் ஒரு பேர்ச் மரத்திடம் சொன்னார். நான் வானத்தைப் பார்த்து நன்றி சொன்னேன். பாதை இரண்டாகப் பிரிந்தபோது வலப்பக்கம்தான் மேட்டுக்குப் போகிறது என்று மரத்துக்கு அறிவித்தார். இடப்பக்கம் குறுக்கு வழி என்று நான் வானத்துக்கு அறிவித்துவிட்டு விறுவிறுவென்று முன்னால் போனேன்.

இருநூறு அடியில் உயரமான கம்பி வேலி. அதற்கப்பால் சுரங்க வாய், பிரெஞ்சில் ஆபத்து என்று சிவப்புப் பலகை. பாதை அத்தோடு சரி. திரும்பிப் பார்த்தேன். அத்தான் பத்தடி பின்னால் நின்று முகில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

வலப்பக்கத்தால் ஏறினோம். மேடு சரிந்து சரிந்து சப்பாத்துக்குள் போனது. உச்சிக்கு வந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. அங்கிருந்து பார்த்தால் முழு வெளியும் தெரிந்தது. கீழே, தூரத்தில், அக்காவின் நீலச் சுவெற்றர். இருந்து ஓய்வெடுக்கிறேன் என்ற மனுசி குனிந்து புளூபெரி பிடுங்கிக்கொண்டிருந்தார். நாலு பிடுங்குவார், நிமிர்ந்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நிற்பார், பிறகு குனிவார்.

அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு மரத்தையும் பார்க்கவில்லை, முகிலையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அவ எழும்பாமல் விட்டா?"

எனக்கு எதற்கும் பதில் இருக்கும். எந்தத் தர்ப்பூசணி இனிக்கும், எந்த வான் நிற்கும், எந்தக் கலியாணம் நிலைக்கும், எல்லாம் கேட்க முன்பே சொல்லுவேன். அப்படி ஒன்றும் நடக்காது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இந்தப் பயத்தோடு இந்த மனுசன் ஆடியிலிருந்து தனியே இருந்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் இருந்து நான் இறைச்சி தின்றிருக்கிறேன்.

"தெரியேல்லை அத்தான்" என்றேன்.

தலையை ஆட்டினார். "எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கும்தான்."

அவ்வளவுதான் கதைத்தோம். நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அத்தான் தன் லேஞ்சியை நீட்டினார். அதில் கார் எண்ணெய் மணம். அதாலேயே முகத்தைத் துடைத்தேன்.

இறங்கும்போது அடைத்து வைத்த மதகு திறந்ததுபோல வாய் ஓயவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் யார் விடுவது, யார் சமைப்பது, டொக்டரிடம் என்னென்ன கேட்பது. நான் சமைத்தால் பிள்ளைகள் பட்டினி என்றார் அத்தான். அவருடைய பருப்பைப் பற்றி நானும் ஒளிக்காமல் என் கருத்தைச் சொன்னேன். சத்தமாகச் சண்டை பிடித்தபடி நாங்கள் பற்றைக்குள்ளால் வருவதை அக்கா தூரத்திலேயே கண்டுவிட்டார். வாளியைத் தூக்கி என் கையில் தந்துவிட்டு, அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தார்.

புரட்டாதியில் சத்திரசிகிச்சை ஆறு மணித்தியாலம் நடந்தது. மறுநாள் காலை எங்களை உள்ளே விட்டார்கள். அக்காவின் வாயில் குழாய், உடம்பெல்லாம் வயர், கண் மூடியிருந்தது. மூச்சு ஏறி இறங்கியது. அத்தான் கட்டிலுக்கு ஒரு பக்கம், நான் மறுபக்கம். என்ன செய்வதென்று தெரியாமல் கதைக்கத் தொடங்கினோம். சின்னவன் என் சோற்றைத் தொடவில்லை என்று அத்தான் சொன்னார். சோற்றில் பிழையில்லை, பின்னேரம் அவனுக்குச் சிப்ஸ் வாங்கிக் கொடுத்த ஆளில்தான் பிழை என்றேன். அது எந்த ஆள் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய குரல் ஏறியது, என்னுடையது அதற்கு மேலே ஏறியது.

அக்கா கண்ணைத் திறந்தார். முதலில் அத்தானைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, விரலில் மாட்டியிருந்த வயரோடு கையை மெல்ல மெல்லத் தூக்கி, குழாய்க்கு மேலே உதட்டில் வைத்து, வாயை மூடும்படி எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினார்.