பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இருமல்

கருப்பட்டித் தண்ணீரில் ஊறிய புகையிலையின் வாசம் எங்கள் வீட்டில் மூக்கை எங்கே வைத்தாலும் வரும். அப்பாவின் சட்டையில் வரும், தலையணை உறையில் வரும், அவர் குடித்துவிட்டு வைத்த செம்பில் வரும், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை ஒருநாள் என் பாவாடையை முகர்ந்துவிட்டு, "ஏடி, நீ பொகையில போடுவியா?" என்று கேட்கும் அளவுக்கு என் மேலும் வரும். அந்த வாசத்தோடு கூடவே ஒரு சத்தமும் அந்த வீட்டில் குடியிருந்தது. அப்பா மூச்சை வெளியே விடும்போது அவர் நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி மாட்டிக்கொண்டு கத்துவதுபோலக் கேட்கும் சத்தம் அது. வீட்டில் அதற்குப் பெயர் "இழுப்பு". ஆறு வயதிலிருந்து என் நெஞ்சிலும் அது கத்த ஆரம்பித்தது.

திண்டுக்கல்லில் நாகல் நகருக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா புகையிலைக் கிட்டங்கியில் வேலை பார்த்தார். வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வண்டிகளில் வந்து இறங்கும் கட்டுகளைப் பிரித்து, உதறி, கருப்பட்டித் தண்ணீர் தெளித்து அடுக்குகிற பெரிய கூடம் அது; கட்டை அவிழ்க்கும்போது எழும்புகிற தூசியில் எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. அம்மாவும் சும்மா இருந்தவளில்லை. கிட்டங்கியிலிருந்து இலையை வீட்டுக்கு வாங்கிவந்து நடு நரம்பைக் கிழித்துக் கொடுப்பாள். நான் வயிற்றிலிருந்த பத்து மாதமும் அவள் மடியில் இலை இருந்ததாக அவளே சொல்லியிருக்கிறாள்.

என் அக்கா பாக்கியத்தின் கதை வேறு. அவள் எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அவள் பிறந்தபோது அப்பா கிராமத்தில் அடுத்தவர் சோளக்காட்டில் உழுதுகொண்டிருந்தார். மழை பொய்த்து, கிணறு காய்ந்து, குடும்பம் மூட்டை முடிச்சோடு திண்டுக்கல்லுக்கு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. அப்பாவுக்கு "இழுப்பு" வந்தது கிட்டங்கிக்குப் போன மூன்றாம் வருஷம். அக்காவுக்கு அது வரவே இல்லை. ஒரே அப்பா, ஒரே வயிறு. ஒருத்தி காற்றில் பிறந்தாள், ஒருத்தி தூசியில் பிறந்தாள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆனால் எங்கள் சந்தில் ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை. "இழுப்புக் குடும்பம்" என்று ஒரு பெயரை வைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் யோசிக்க வேண்டியதில்லை பாருங்கள்.

அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமா, இந்தப் பேச்சில் முதல் ஆள். "இது ரத்தத்துல ஓடுறது அக்கா. மச்சான் வம்சத்துல ஆருக்காச்சும் இருந்திருக்கும்" என்பார். அம்மா விடமாட்டாள். "எங்க மாமனாரு எழுவது வயசுல கெணத்துல கமலை எறச்ச மனுசன். அவருக்கு எங்கடா இருந்துச்சு இழுப்பு? நீ கண்டியா?" என்று கேட்பாள். மாமா காணவில்லைதான். ஆனாலும் சொல்வதை நிறுத்தவில்லை.

இந்தப் பேச்சு அக்காவின் கல்யாணத்தில் வந்து விழுந்தது. இரண்டு இடங்களிலிருந்து வந்து பார்த்தார்கள். இரண்டு இடத்தாரும் சந்து முனையில் யாரிடமோ விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கல் மாதிரி ஆரோக்கியமாக இருந்த ஒரு பெண்ணை, அவள் அப்பாவின் மூச்சையும் தங்கையின் மூச்சையும் காட்டி வேண்டாம் என்றார்கள். மூன்றாவதாக ஒரு இடத்தை மாமாவே கொண்டுவந்தார். வேடசந்தூரில் கிணறும் தோட்டமுமாகப் புகையிலை போடுகிற குடும்பம். மாப்பிள்ளை பார்க்க நன்றாக இருப்பார் என்று அக்காவின் காதுக்கும் சேதி போயிருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் பாத்திரம் தேய்க்கும்போதுகூட ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்த இடமும் போனால் அடுத்து யாரும் எங்கள் சந்துக்குள் வரமாட்டார்கள் என்பது பத்து வயதுப் பிள்ளையான எனக்கே தெரியும்.

மாமா ஒரு திட்டம் போட்டார். என்னைக் கண்ணில் காட்டக்கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் ரோஸம்மா அத்தை வீடு. அத்தை முறை நாங்களாக வைத்துக்கொண்டது, அவர்கள் கிறிஸ்தவர்கள். "செத்த நேரந்தான் தாயி. அவுக போற வரைக்கும் அங்கன இரு. இருமிக்கிருமி வச்சிறாத" என்று மாமா என்னைக் கொண்டுபோய் விட்டார். இருமாதே என்று இழுப்புக்காரியிடம் சொல்வதும் விக்காதே என்று விக்கல்காரரிடம் சொல்வதும் ஒன்றுதான். சொன்னதிலிருந்தே தொண்டைக்குள் ஊர ஆரம்பித்துவிட்டது.

சுவருக்கு அப்பால் பேச்சுச் சத்தமும் டம்ளர் சத்தமும் நன்றாகக் கேட்டன. நான் பாவாடை நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன். ரோஸம்மா அத்தை வெந்நீர் கொடுத்து முதுகைத் தடவினார். என்ன செய்தும் நிற்கவில்லை. பொங்கி வந்தது இருமல், ஒன்றல்ல இரண்டல்ல, கண்ணில் நீர் தெறிக்கும் வரைக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"யாருங்க அது, இப்புடி இருமுறது?" மாப்பிள்ளையின் அம்மா குரல்.

"அது பக்கத்து வீட்டுப் புள்ளைங்க. அதுக்கு எப்பவும் இப்புடித்தான்." மாமாவின் குரல்.

நான் காத்திருந்தேன். அம்மா ஏதாவது சொல்வாள் என்று. அப்பா சொல்வார் என்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாரோ காப்பி இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்கு இப்போது எழுபது வயது நெருங்குகிறது. இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

"விடுடி மரகதம். அக்காவுக்கு நல்லது நடக்கணும்ல?" என்றார் ரோஸம்மா அத்தை. அவர் நல்லவர். ஆனால் அந்தச் சமாதானம் எனக்கு இறங்கவில்லை.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "இம்புட்டுத் தூரம் வந்துட்டோம், மலைக்கோட்டைய ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோமா? பொண்ணும் வரட்டுமே." கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். நெஞ்சு சரியில்லை என்று பேச்சு அடிபடுகிற வீட்டுப் பெண்ணை மலைப்பாறையில் ஏற்றி, எங்கே நிற்கிறாள், எங்கே உட்காருகிறாள் என்று பார்ப்பார்கள். "ஏத்திப் பாக்குறது" என்பார்கள் அதை. மாட்டைப் பாரம் இழுக்கவிட்டு வாங்குவார்களே, அதே காரியம். அம்மா முகம் செத்துப்போனதாக அக்கா பிற்பாடு சொன்னாள். அக்கா மட்டும் புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, "போவோமே" என்றாளாம்.

இரண்டு குதிரைவண்டிகளில் அவர்கள் கிளம்பினார்கள். ரோஸம்மா அத்தை அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் நான் வெளியே வந்து நடந்தேன். ரயிலடியைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, ஊரின் அந்தக் கோடிக்கு நடந்தேன். பாறையடியில் வண்டிகள் நின்றன. வேப்ப நிழலில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் ஏறினால் குட்டு உடைந்துவிடும் என்று, முழங்கால் வலி எனச் சொல்லி மாமா அவரைக் கீழேயே விட்டுப் போயிருந்தார்.

"ஏ தாயி, நீ எங்க இங்க?"

"மேல போறேன்."

"ஏலாது தாயி. பாறை கொதிக்குது. மூச்சு முட்டிரும்."

"ஒங்களுக்கு என்ன வந்துச்சு? நான் பக்கத்து வீட்டுப் புள்ளதானே."

அப்பா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தோள் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். பேசுவதற்கு மூச்சைச் செலவழிக்கிற நிலையில் நாங்கள் இரண்டு பேருமே இல்லை.

சாயங்காலம் நான்கு மணி வெயில். பாறையில் செதுக்கிய அகலப் படிகள் வெறுங்காலைச் சுட்டன. ஆறு படி ஏறினோம், உட்கார்ந்தோம். மறுபடி ஆறு படி, மறுபடி உட்கார்ந்தோம். அவருடைய பூனைக்குட்டியும் என்னுடைய பூனைக்குட்டியும் மாற்றி மாற்றிக் கத்தின. ஒரு வளைவில் அவர் குனிந்து இரண்டு கையையும் தொடையில் ஊன்றி நின்றபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. போதும் அப்பா, இறங்குவோம் என்று நான்தான் பயந்துபோய்ச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மேலே கையைக் காட்டினார்.

உச்சியில் அம்மாவும் மாப்பிள்ளை வீட்டாரும் சூழ, அக்கா ஒரு மூச்சிரைப்பும் இல்லாமல் நின்றிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவும் சும்மா சொல்லக்கூடாது, காட்டு வேலை செய்த உடம்பு, ஆடு மாதிரி ஏறியிருந்தார். வம்சத்தில் இழுப்பே இல்லாத எங்கள் மாமாதான் கோட்டைச் சுவரில் சாய்ந்து நாக்குத் தள்ளிக் கிடந்தார். எங்கள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னங்க, ஒங்களுக்கு முழங்கால் வலின்னாங்களே?" என்றார் அந்த அம்மாள்.

அப்பா என்னை முன்னால் நிறுத்தினார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்துச் சொன்னார்: "இது... எம் மக. எளையவ. பக்கத்து வீட்டுப் புள்ள... இல்ல. எனக்கு இழுப்பு. இவளுக்கும்... இழுப்பு."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. ஏமாற்றப் பார்த்தார்கள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? "அப்ப இது குடும்ப நோவுதானுங்களே? இன்னைக்கு இந்தப் பொண்ணு நல்லாருக்கு. நாளைக்கு இது பெக்குறது?" என்றார்.

அக்கா வடக்கே கையை நீட்டினாள். கீழே ஊரின் கூரைகள், குளங்கள், அதற்கும் அப்பால் வெயிலில் கிடக்கும் வறண்ட சமவெளி. "அந்தப் பக்கந்தானே ஒங்க காடு? அங்க வெளஞ்ச பொகையிலத் தூசிதான் எங்கப்பா நெஞ்சுல கெடக்கு. அதத்தான் எங்கம்மா மடியில வச்சுக்கிட்டு இவளச் சொமந்தா. நோவு எந்த வம்சத்துலருந்து வந்துச்சுன்னு கேக்குறீகளே, பாதி ஒங்க காட்டுலருந்து வந்துச்சு." பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

அவர்கள் போய்விட்டார்கள். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அக்காவும் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். அந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. மாமா ஒரு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அப்பா இரண்டு நாள் படுக்கையில் கிடந்தார். எழுந்ததும் என்னைக் கூப்பிட்டு, "ஒன்னைய அப்புடிச் சொன்னப்ப நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன் தாயி. தப்பு" என்றார். அப்பன்மார் பிள்ளைகளிடம் தப்பு என்று சொல்கிற காலமா அது?

இரண்டு வருஷம் கழித்து, பஸ் நிலையத்துப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் அக்காவைப் பார்க்க வந்தார். அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, காப்பி வருவதற்கு முன்னாலேயே எங்கள் இருவர் மூச்சையும் பற்றிச் சொல்லி முடித்துவிட்டார். "அதுக்கென்ன, எங்க வீட்டுல எல்லாருக்கும் சக்கரை" என்றார் அந்த மனுஷர். கல்யாணம் நடந்தது. அக்காவுக்கு நான்கு பிள்ளைகள். ஒன்றுக்கும் இழுப்பு இல்லை. அப்பா மூச்சு நிற்கும்வரை கிட்டங்கிக்குப் போனார். எனக்குப் பத்தொன்பது வயதில் அவர் நெஞ்சிலிருந்த பூனைக்குட்டி ஒரேயடியாக அடங்கியது; என்னுடையது அடங்கவில்லை. நான் வாத்தியாரம்மா ஆகி, சாக்பீஸ் தூசியையும் முப்பது வருஷம் பார்த்துவிட்டேன்.

இன்று அந்தக் கிட்டங்கி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. குதிரைவண்டி இல்லை. இழுப்புக்கு எங்கள் வீட்டில் ஊமத்தை இலையைப் போட்டு எழுப்பிய புகை இல்லை. என் கைப்பையில் நீல நிற இன்ஹேலர் இருக்கிறது. மலைக்கோட்டைக்குப் பெண்ணை "ஏத்திப் பாக்க" யாரும் வருவதில்லை. எல்லாம் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் என் பேத்திக்கு இளைப்பு வந்தது. ஏழு வயது. புகையிலையைக் கண்ணால் கண்டதில்லை. ரத்தத்திலும் கொஞ்சம் வரும்தான், நான் இல்லை என்று சாதிக்கவில்லை. சின்ன வயசு டாக்டர் ஒருவர், தாளில் எழுதிக்கொண்டே, "குடும்பத்துல யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றான் என் மகன். யோசிக்கவே இல்லை. நான் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு இருக்கு. எங்கப்பாவுக்கு இருந்துச்சு. எழுதிக்கங்க" என்றேன்.

"அம்மா, சும்மா இருங்க. பொம்பளப் புள்ள, நாளைக்கு ஒரு எடத்துல..." என்று மகன் காதோரம் வந்தான். இன்ஹேலரை எடுத்து அந்த மேசையில் டக்கென்று வைத்தேன். டாக்டர் சிரித்துவிட்டு, பாட்டி, கொள்ளுத்தாத்தா என்று எழுதினார்.

"எங்கப்பா பொகையிலைக் கிட்டங்கியில வேலை பாத்தாரு. அதையும் எழுதுங்க."

"அதுக்கு இதுல எடமில்லயேம்மா."

"ஓரத்துல எழுதுங்க" என்றேன். அவர் எழுதி முடிக்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.