கதவுக்கு அப்பால் தண்டவாளம்

எங்கள் மாத்தளை ரயில் பாதை மாத்தளையோடு முடிந்துவிடும். அதனால் ஏறிய பெட்டி கடைசிவரை போகும் என்பது எங்கள் ஊர்க்காரரின் நம்பிக்கை. பிரதேச செயலகத்தில் முப்பது வருடம் அடுத்தவர் விண்ணப்பங்களில் பிழை பிடித்த நானும் அதை நம்பித்தான் ஜேர்மனியில் ஐந்து ஊர்களுக்கு ரயில் பயணம் திட்டமிட்டேன். ஒழுங்கு தவறக் கூடாதென்று இருவரின் கடவுச்சீட்டையும் மனைவியின் கைப்பேசியையும் என் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, "நீங்கள் பையைக் காவல் காத்துக்கொண்டு இருங்கோ, நான் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்" என்று அவள் முன்பெட்டிக்குப் போனாள். பனிமூட்டத்தில் ஏதோ ஒரு சிறிய நிலையத்தில் ரயில் நின்றது. ஒலிபெருக்கியில் ஜேர்மன் மொழியில் ஏதோ சொன்னார்கள். வழக்கமான உபசாரம் என்று எண்ணிக்கொண்டேன்.

கால் மணி நேரம் கழிந்தது. விளக்குகள் அணைந்தன. பெட்டியில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அவளைப் பெயர் சொல்லி அழைத்தபடி முன்கதவுக்குப் போய்க் கண்ணாடி வழியே பார்த்தேன். அங்கே பெட்டியே இல்லை. வெறும் தண்டவாளம் மூட்டத்துக்குள் போய் மறைந்தது.

ரயிலைப் பிரித்து முன்பாதி மட்டும் போய்விட்டதை, பெட்டியைக் கூட்டிப் பெருக்க வந்த பெண்தான் சைகையால் விளக்கி, அடுத்த நிலையத்துக்கும் அறிவிக்கச் செய்தாள். ஒரு மணி நேரத்தின் பின் நான் அடுத்த ரயிலில் அங்கே போய் இறங்கியபோது, மனைவி இரண்டு காகிதக் கோப்பைகளோடு மேடை வாங்கில் அமர்ந்திருந்தாள்.

"நான் ஆரெண்டு காட்ட என்னட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. எல்லாம் பெரியவரிட்ட!"

"பயந்திட்டியே?"

"தேத்தண்ணியும் ஆறிப்போச்சு."

இப்போது அவரவர் கடவுச்சீட்டு அவரவரிடம். ஏறுமுன், இந்தப் பெட்டி எதுவரை போகும் என்று கேட்கிறேன். கண்டி ரயிலிலும் அவள் எழுந்தால் நானும் எழுகிறேன்.