அறுபதாவது படியில் உட்கார வைத்தான்

திருத்தணி முருகனைக் கும்பிடற எல்லாருக்கும் இதைச் சொல்லணும்னு தோணுச்சி.

போன கார்த்திகை மாசம் என் வீட்டுக்காரர் பத்து நாளா இருமிக்கினே இருந்தார். பாவான்னுதான் அவரைக் கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையில வீட்டுலயே கைத்தறி நெய்யறோம். எங்க ஊர்ல யார் இருமினாலும் நூல் தூசின்னு விட்டுடுவோம். நானும் விட்டேன். மருந்துக் கடை மாத்திரையில காய்ச்சல் குறைஞ்சது, சரியாப் போச்சின்னு நினைச்சேன்.

ஆனா சோறு இறங்கலை. பேச்சு பாதியில நின்னு மூச்சு வாங்குச்சி. கிருத்திகைக்கு மலை ஏறியே தீருவேன்னு ஒரே பிடிவாதம். "முருகா, எப்படியாவது இவரை மேல ஏத்திடு"ன்னு வேண்டிக்கினே கூட நடந்தேன்.

அறுபதாவது படியில உட்கார்ந்துட்டார். உதடு நீலமாயிடுச்சி. இதையா உன்கிட்ட கேட்டேன்னு முருகன் மேல எனக்குக் கோபம், அங்கயே அழுதேன். பின்னாடி வந்த ஒரு நர்ஸம்மா அவர் மூச்சை ஒரு நிமிஷம் எண்ணிப் பார்த்தாங்க. "இது தூசி இல்லம்மா. உடனே கீழ இறங்குங்க"ன்னாங்க.

ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்து நிமோனியான்னு சொன்னாங்க. எதையும் கேட்டுத் தெரிஞ்சிக்காம எனக்கு இருக்க முடியாது. படத்தைக் காட்டச் சொன்னேன். வலது பக்கம் கீழ வெள்ளையா இருந்துச்சி. காத்து போற குட்டிக் குட்டிப் பைங்கள்ல கிருமியால சீழும் தண்ணியும் ரொம்பியிருக்குன்னாங்க டாக்டரம்மா. அப்போ தூசி? தூசியைவிட அவரோட பீடியும் சர்க்கரை வியாதியும்தான் இடம் கொடுத்திருக்குன்னாங்க. பிழைச்சிப்பாரா? இப்பவே வந்ததால நம்பிக்கை இருக்கு, இன்னும் ரெண்டு நாள் தள்ளியிருந்தா சொல்றது கஷ்டம், அசதி போகவே மாசக்கணக்காகும்னாங்க. இன்னும் கேட்டுக்கினே இருந்தேன். டாக்டருக்குப் படிக்கப் போறீங்களான்னு சிரிச்சிட்டாங்க.

ஆக்சிஜன், ஊசின்னு ஒரு வாரம் போச்சி. அஞ்சாம் நாள் பாவா இட்லி கேட்டார். நான் வராண்டாவுக்குப் போய் அழுதேன். நான் கேட்டபடி முருகன் அவரை மேல ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அப்போதான் யோசிச்சேன்.

பீடியை விட்டுட்டார். பங்குனிக் கிருத்திகைக்கு மெதுவா ஏறினோம். அதே படியில உட்கார்ந்தார். மூச்சு வாங்குதான்னு பதறிப் போய்க் கேட்டேன்.

"இல்லடி. அவன் என்னைப் பிடிச்சி உட்கார வெச்ச இடம் இது. கும்பிட்டுட்டுப் போலாம்."

உங்க வீட்டுலயும் யாருக்காவது பேசும்போது மூச்சு வாங்கினா தூசின்னு விடாதீங்க. டாக்டர்கிட்ட ஓடுங்க, ஓடும்போதே வேண்டிக்கோங்க. என்ன பண்ணணும்னு மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீங்க. நான் சொல்லிக் கொடுத்தேன், நல்லவேளை அவன் கேக்கலை. இதோ, உள்ள பாவா நெய்யற தறிச் சத்தம் கேக்குது.