திட்டாத வாரம்

போன வாரம் மூன்று நாள் நான் ஒருத்தரையும் திட்டவில்லை. அதனால் எங்கள் கம்பெனியே காலியாகப் பார்த்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அனுப்பர்பாளையத்தில் நானும் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறோம். ஆர்டர் பிடிப்பது, துணி எடுப்பது அவர் பாடு. உள்ளே தைக்கிறவர்களைப் பார்த்துக்கொள்வது நான். பார்த்துக்கொள்வது என்றால்... திட்டுவது.

பிள்ளைகள் படித்து வெளியூர் போனபிறகு எனக்கும் படிப்பு ஆசை வந்தது. எம்.ஏ. சேர்ந்தேன். எதில்? கத்தோலிக்க அறநெறி இறையியலும் ஆன்மிக இறையியலும். எது பாவம், எது இல்லை, மனசு எப்படிக் கடவுள் பக்கம் திரும்புகிறது – இதையெல்லாம் முறையாகப் படிப்பது. சனிக்கிழமை சாயங்காலம் ஆன்லைன் வகுப்பு. கூடப் படிப்பவர்கள் எல்லாரும் ஃபாதர், சிஸ்டர். பனியன் கம்பெனியிலிருந்து நான் ஒருத்திதான். மைக்கை மூட மறந்தேன் என்றால் ஓவர்லாக் மெஷின் சத்தத்தில் இறையருள் பாடமே நின்றுவிடும்.

பாடம் எடுக்கும் ஃபாதர் மெதுவாகப் பேசுவார். அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். உங்களிடம் ஊறிப்போன ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அதை விட்டுப் பாருங்கள். என்ன நடந்தது என்று வந்து சொல்லுங்கள்.

ஒரு சிஸ்டர் மதியத் தூக்கத்தை விட்டார். ஓர் இளம் ஃபாதர் செல்போனில் கிரிக்கெட் பார்ப்பதை. நான் கோபத்தை. அதைக் கேட்டு வீட்டுக்காரர் சிரித்தார் பாருங்கள்... அதற்கே கோபம் வந்திருக்க வேண்டும். அடக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வந்தது. எங்கள் ஓவர்லாக் டெய்லர் சண்முகம் உடுமலைப் பக்கத்துக்காரர். கைவேகம் பிரமாதம், கவனம்தான் கிடையாது. மீடியம் சைஸ் டீ-ஷர்ட் உடம்புக்கு லார்ஜ் சைஸ் கையை வைத்து ஒரு பண்டலையே தைத்து வைத்திருந்தார். வேறு நாளாக இருந்தால் என் சத்தம் எதிர்த்த டீக்கடைக்குக் கேட்டிருக்கும். அன்று சொன்னேன்: "பரவால்ல சண்முகம். பிரிச்சுத் தைச்சிருங்க."

மரியாதை கொடுத்து. அதுவும் சிரித்துக்கொண்டே.

மனுஷன் முகம் வெளுத்துவிட்டது.

டீ டைமில் குசுகுசு ஆரம்பித்தது. சூப்பர்வைசர் செல்வி வந்து, "ஏனுங்கக்கா, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?" என்று கேட்டாள். "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றேன். கண் கலங்கிப் போய்விட்டாள்.

புதன்கிழமை சண்முகம் என் மேஜை முன்னால் வந்து நின்றார். பின்னால் மொத்த ஓவர்லாக் செக்‌ஷனும்.

"நாங்க வேற கம்பெனி பார்த்துக்கறோமுங்க."

சனிக்கிழமை சரக்கு லாரி ஏற வேண்டும். இவர்கள் போய்விட்டால் ஒரு டீ-ஷர்ட்டுக்கும் கை இருக்காது. சரக்கு நின்றால் அதை வாங்குகிற பையர் அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார். அவர் ஒருத்தர் ஆர்டரில்தான் யூனிட்டே ஓடுகிறது.

"ஏன், என்ன குறை?"

"கம்பெனிய விக்கறீங்கன்னு தெரிஞ்சுபோச்சுங்க. முன்னாடி இருந்த எடத்துலயும் இப்படித்தானுங்க. மொதலாளி திடீர்னு நல்லவராயிட்டாரு. யாரையும் ஒண்ணுஞ் சொல்றதில்ல. ஒருநா காலைல போனா கேட்டுல பூட்டுத் தொங்குதுங்க."

நியாயம்தானே? ஆர்டர் இருக்கிற முதலாளிக்குத்தான் கத்துவதற்குக் காரணம் இருக்கும்.

"சத்தியமா விக்கல" என்றேன், அன்பாக. அந்த அன்பைக் கண்டதும் அவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது. படிப்புக்காகத் திட்டாமல் இருக்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். இப்படியொரு சாக்கை இதுவரை எந்த ஓனரும் சொன்னதில்லை என்பதுபோலப் பார்த்தார் சண்முகம். கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் தவணை வாங்கினேன்.

"ஒரு தடவ திட்டிரு. எல்லாம் சரியாயிரும்" என்றார் வீட்டுக்காரர்.

"ஃபாதர்ட்ட சொல்லியிருக்கேன்லா? கடவுளுக்கு வேற வாக்குக் குடுத்திருக்கேன்."

"கடவுள் மன்னிப்பாரு. பையர் மன்னிக்க மாட்டாரு."

சரி, இத்தனை பேர் பிழைப்பைவிட என் பயிற்சி பெரிதா? மறுநாள் திட்டுவது என்று முடிவெடுத்து உள்ளே போனேன். பாழாய்ப்போன நேரம், ஒருத்தரும் ஒரு தப்பும் செய்யவில்லை. பயத்தில் அவ்வளவு சுத்தமான தையல். சும்மாவாவது திட்டுவோம் என்று வாயைத் திறந்தால், கோயிலில் வாசகம் வாசிக்கிற குரல் வருகிறது. செல்வி விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, பிரித்துத் தைத்த பண்டலைக் கொண்டுவந்து வைத்தார் சண்முகம். எடுத்துப் பார்த்தேன். மீடியம் உடம்பு. இந்தத் தடவை ஸ்மால் கை.

"ஏலே கூறுகெட்டவனே! அது கண்ணா புண்ணா? சைஸ் சீட்டு எதுக்குல கட்டியிருக்கு? ஒன் கழுத்துல தொங்கப் போடவா?"

மெஷின் எல்லாம் நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தது. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சண்முகம், தோளில் தயாராக மாட்டியிருந்த டிபன் பையைக் கழற்றித் திரும்ப ஆணியில் மாட்டினார்.

"செரிங்கக்கா, மாத்திப்போடறனுங்க." அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

சனிக்கிழமை சரக்கு ஏறியது. சாயங்காலம் வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பை மறைக்க ஒரு சிஸ்டர் வீடியோவையே அணைத்துவிட்டார். ஃபாதர் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க அன்பா பேசினா அவங்களுக்கு ஏம்மா பயம் வருது?" என்று கேட்டார்.

பதில் தெரியாமல் இல்லை. இத்தனை வருஷத்தில் நான் அன்பாகப் பேசியிருந்தால்தானே அவர்களுக்குப் பழகியிருக்கும்? சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

"அடுத்த வாரம் தினமும் ஒருத்தரையாவது மனசாரப் பாராட்டுங்க" என்றார் ஃபாதர்.

இந்தத் தடவை நான் உஷார். திங்கட்கிழமை காலையிலேயே சண்முகத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "இன்னைலருந்து எல்லாரையும் பாராட்டப் போறேன்ல. பயந்து பையத் தூக்கிராத."

"செரிங்கக்கா" என்றார். ரெண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். "நடுவுல ஒருக்கா திட்டியும் போடுங்க. அப்பத்தான் நம்பிக்கையா வேலை ஓடும்ங்க."