ஒலிபெருக்கியை நிறுத்திய காலை

பிள்ளைகளே, கடந்த வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக வீசத் தொடங்கியிருந்த நேரம், கிளிநொச்சிக்கு மேற்கே கடலை அண்டியிருக்கும் எங்கள் ஊரில் இது நடந்தது. நான் ஓட்டோ ஓட்டுபவன். ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய வெட்டை வெளியில் காற்றாலைகளையும், வெயிலில் மின்சாரம் எடுக்கும் சோலர் தகடுகளையும் அமைக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். அதைப் பற்றி மக்களுக்கு விளக்க மறுநாள் பாடசாலை மண்டபத்தில் கூட்டம். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, அந்தக் கூட்டத்தை ஊர் முழுக்க அறிவிப்பதுதான் எனக்குத் தந்த வேலை.

அறிவித்தலைக் கணீரென்ற ஒரு குரலில் பதிந்து தந்திருந்தார்கள். "பொதுமக்களின் கவனத்திற்கு!" என்று அது தொடங்கும். நானும் உற்சாகமாகத்தான் புறப்பட்டேன். ஆனால் போகப் போக ஒன்றைக் கவனித்தேன். வாசல் படலையில் நின்றவர்கள் உள்ளே போனார்கள். முற்றத்தில் விளையாடிய பிள்ளைகளைத் தாய்மார் கையில் பிடித்து இழுத்தார்கள்.

கடைசி ஒழுங்கையில் ஆடு வளர்க்கும் ஒரு அக்கா இருக்கிறா. மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவ. நான் போய்ச் சேர்ந்தபோது, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஆடுகளை ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டிருந்தா.

"எந்தப் பக்கம் தம்பி போகச் சொல்றாங்க?" என்று கேட்டா.

நான் ஓட்டோவை விட்டு இறங்கினேன். "ஒரு பக்கமும் இல்லை அக்கா. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில கூட்டம். கரண்ட் எடுக்கிற விசயம்."

"கூட்டம்னுதான் காதுல விழுந்துச்சு. ஸ்பீக்கர்ல கூப்பிட்டு என்னிக்குத்தான் நமக்கு நல்ல சேதி சொல்லியிருக்காங்க?"

நீங்கள் பிறக்க முன்னம், யுத்த காலத்தில், அப்படி ஒரு குரல் கேட்டால் ஊரை விட்டு எழும்ப வேண்டும் என்று அர்த்தம். நானும் மூட்டை சுமந்து நடந்தவன்தான். அந்த இடத்திலேயே ஒலிபெருக்கியை நிறுத்தினேன். கூட்டத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தருக்குப் போன் எடுத்தேன். "மிஸ், இப்பிடிச் சொன்னா சனம் வராது. வந்தாலும் வாய் திறக்காது. நீங்கள் ஒருக்கா வாங்கோ, வீடு வீடாப் போவம்" என்றேன்.

கோபிப்பா என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. இளம்பெண்தான், திட்டத்தின் வரைபடத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து ஓட்டோவில் ஏறினா. ஒவ்வொரு படலையிலும் இறங்கி, என்ன வரப்போகிறது, எங்கே வரப்போகிறது என்று நின்று சொன்னா. ஒரு வீட்டு ஐயா கதிரையை விட்டு எழும்பாமலே, "காத்தை எல்லாம் நீங்கள் பிடிச்சுக்கொண்டு போனா, நாங்கள் நெல்லுத் தூத்துறது எப்பிடிப் பிள்ளை?" என்றார்.

"உங்களுக்கு வேண்டியதை விட்டுட்டு மிச்சத்தைத்தான் பிடிப்பம் ஐயா" என்றா மிஸ்.

"ஓம், ஓம். அதையும் கூட்டத்தில சொல்லுங்கோ, நான் வந்து இருந்து கேக்கிறன்!" அவர் சிரிக்க, பக்கத்து வீட்டு வளவில் இருந்தவர்களும் வேலியருகே வந்துவிட்டார்கள்.

திரும்ப அக்காவின் வீட்டுக்குப் போனோம். மிஸ் வரைபடத்தை நிலத்தில் விரித்தா. சோலர் தகடுகள் வரும் இடத்தைச் சுற்றிக் கம்பிவேலி என்றதும் அக்கா குனிந்து பார்த்தா. அந்தப் பக்கம் ஒரு மோட்டை இருக்கிறது, சின்னக் குளம் மாதிரி. அவவின் ஆடுகளுக்குத் தண்ணீர் அங்கேதான்.

"இப்பிடி வேலி போட்டா என் ஆடுக எந்த வழியாப் போகும்?"

"அது எனக்குத் தெரியாது அக்கா. நாளைக்குப் பொறியியலாளர் வருவார், நீங்களே கேளுங்கோ" என்றா மிஸ்.

"காணி உள்ளவங்க பேசுற எடத்துல எனக்கு என்னம்மா பேச்சு?"

"ஆடு உங்கடைதானே? அப்ப கேள்வியும் உங்கடைதான்" என்றேன் நான். "நாளைக்குக் காலமை ஓட்டோவோட வாறன், ஏறுங்கோ."

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. பொறியியலாளர் படம் காட்டி விளக்கிவிட்டு, ஏதாவது கேட்க விருப்பமா என்றார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி எழும்பினா. குரல் முதலில் நடுங்கியது. ஆடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் நேராகிவிட்டது. "கரண்ட் வரட்டுங்க ஐயா, வேணாங்கல. என் ஆடுக தண்ணிக்குப் போற வழிய மட்டும் அடைச்சுராதீங்க."

அவர் வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடி விரல் வைத்தார். "வேலி இல்லாமல் விட ஏலாது அம்மா, ஆபத்து. ஆனால் இரண்டாகப் பிரித்து நடுவில் பாதை விடலாமா என்று இடத்தில் போய்ப் பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவே இல்லை. கடற்கரைக்குப் போகும் வழி, காற்றாலையின் இரைச்சல், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். சிலவற்றுக்குப் பதில் கிடைத்தது. சிலவற்றுக்கு இன்னும் கிடைக்கவில்லை, நாங்களும் கேட்பதை விடவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு மிஸ் திருத்திய வரைபடத்தோடு வந்தா. நடுவில் ஒரு பாதை கீறியிருந்தது. வேலி இரண்டு துண்டாகியிருந்தது. அதை முதலில் காட்டியது அக்காவுக்குத்தான். "ரெண்டு ஆடு சேர்ந்து போற அகலமாச்சும் இருக்குமா?" என்று அவ கேட்க, "உங்கட முழு மந்தையும் போகும்" என்றா மிஸ்.

இப்போதும் யாருக்காவது ஒரு செய்தி கொண்டுபோனால், சொல்லிவிட்டு உடனே கிளம்பமாட்டேன். அவர்கள் ஒரு கேள்வி கேட்கும்வரை நின்றுதான் வருகிறேன்.