இரும்பு மனிதனின் மூன்று பலவீனங்கள்

எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவருக்குப் பத்து பெரெண்டாம் விமானத் திடலில் கணக்கெழுதும் கிராணி வேலை. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம், மைதானத்தில் ஒரு பொருட்காட்சி போட்டார்கள். ஒரு சனிக்கிழமை பிற்பகல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ராட்டினத்துக்கு அடுத்த கூடாரத்தில் அந்த இரும்பு மனிதன் இருந்தான். ஆள் உயரத் தகர உடம்பு, சிவப்புக் கண்கள், நெஞ்சில் ஒரு வட்டக் கண்ணாடி. தண்டவாளத்தின் மேல் இப்படியும் அப்படியுமாக நடப்பான். நாம் பத்தடி தள்ளி நின்று சுட வேண்டும். துப்பாக்கியில் குண்டு கிடையாது, வெளிச்சம்தான் பாயும். அது கண்ணாடியில் பட்டால் அவன் உறுமிக்கொண்டு கைகளைத் தூக்குவான். சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பி நடப்பான். ஆட்டத்துக்கு இருபது தடவை சுடலாம்.

அவர் நான்கு தடவை அடித்தார். "நீயும் சும்மா சுட்டுப் பாரு" என்று என்னிடம் கொடுத்தார். நான் ஒன்பது அடித்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனோம். அது நல்ல விளையாட்டு. துப்பாக்கி கனமாக, நிஜத் துப்பாக்கி போலவே தோளில் உட்காரும். அடி விழுந்த அதே நொடியில் உறுமல் கேட்கும். அடிபட்டதும் அவன் திரும்பிவிடுவதால் ஓர் ஆட்டம் போல இன்னோர் ஆட்டம் இருக்காது. அடுப்படியும் கிணற்றடியுமாக இருந்த எனக்கு, அவ்வளவு பெரிய உருவம் என் விரலுக்குப் பதில் சொன்னது பிடித்திருந்தது.

குறைகளும் இருந்தன. மூன்றைக் கண்டுபிடித்தேன். துப்பாக்கி வலப்பக்கம் இரண்டு விரற்கடை இழுத்தது, அதனால் கண்ணாடிக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகக் குறிவைக்க வேண்டும். கூடாரக் கிழிசல் வழியாக வெயில் விழும் இடத்தில் அவன் நின்றால் எப்படிச் சுட்டாலும் உறுமமாட்டான். தண்டவாளத்தின் இடதுகோடியில் அவன் கால் சிக்கி ஒரு மூச்சு நேரம் அசையாமல் நிற்பான், அங்கே மட்டும் இரண்டு மூன்று அடிகளைச் சேர்த்துப் போடலாம்.

இதையெல்லாம் ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் கணவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டு வந்தார். "அடேயப்பா, இவ்வளவு கவனிச்சியா?" என்றார். எனக்குப் பூரிப்பாக இருந்தது.

ஒரு வாரம் அவருடைய ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் அங்கே வந்திருந்தார்கள். நான் பதினைந்து அடித்ததைப் பார்த்துவிட்டு ஒருவர், "கிராணி, வீட்டுல துப்பாக்கி யார் கையிலன்னு இப்ப தெரிஞ்சிருச்சுலா" என்றார். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

பொருட்காட்சி முடியும் முன் ஒரு போட்டி வைத்தார்கள். முதல் பரிசு தையல் மெஷின். "பேரு குடு, மெஷின் நம்ம வீட்டுக்குத்தானே வரப்போவுது" என்றார் அவரே.

போட்டியன்று வழக்கம்போல இடப்பக்கமாகக் குறிவைத்தேன். படவில்லை. மறுபடியும் படவில்லை. இடதுகோடியில் காத்திருந்தேன். அவன் நிற்காமல் வழுக்கிக்கொண்டு திரும்பினான். கிழிசலும் தைக்கப்பட்டிருந்தது. ஆறு அடித்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். என் குடையை வைத்துக்கொண்டு நின்றிருந்த என் கணவர், ஜெயித்த சீனப் பையனுக்குக் கைதட்டினார்.

இரும்பு மனிதனை ஓட்டியவர் எங்கள் பக்கத்துத் தெருச் செட்டி. நெற்றி நிறைய விபூதி, பேச்சு முழுக்க மலாய். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் மலாயில் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, ரிப்பேர் பண்ணினது உனக்குத் தெரியாதா? புதன்கிழமை உன் வீட்டுக்காரர்தானே வந்து மூணு கோளாறையும் எங்க முதலாளி தவுக்கேகிட்ட சொன்னார். தானே கண்டுபிடிச்சதா சொன்னார். உன்கிட்டயும் சொல்லியிருப்பார்னு நான் நினைச்சேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன்.

"ஏங்க, நீங்க போய்ச் சொன்னீங்களா?"

"கோளாறு இருந்துச்சு, சொன்னேன். எல்லாருக்கும் நியாயமா இருக்கணும்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

பாலத்தில் சைக்கிளை ஏற்றித் தள்ளினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஆபீஸ்ல என்னென்ன பேசுறானுங்கன்னு உனக்குத் தெரியுமா? நீ ஜெயிச்சா திங்கக்கிழமை நான் எப்படி அங்க போய் உக்கார்றது?"

போட்டிக்குப் போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டேன். அந்த வயதில் நான் அப்படித்தான் இருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. பேர் கொடுக்கச் சொன்னார், குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார், நான் தோற்பதை நின்று பார்த்தார். பகிர்ந்துகொள்ள ஆள் கிடைத்தது என்ற சந்தோஷத்தில் நான் சொன்னதையெல்லாம், எனக்கு எதிராகவே கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். அன்று சோறு போட்டேன். சாப்பிட்டார். உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

கூடாரங்களைப் பிரிப்பதற்கு முந்தைய நாள், அவர் வேலைக்குப் போனபின் நான் தனியாகப் போனேன். பொய் சொல்லக்கூடாது, பழுது பார்த்தபின் அது முன்னைவிட நல்ல விளையாட்டாக இருந்தது. துப்பாக்கி நேராகச் சுட்டது. சிக்கும் கால் இல்லாததால் அவன் நடையைக் கண்ணால் தொடர்ந்துதான் அடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் பதினேழு அடித்தேன். செட்டி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் என் கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எங்கயாச்சும் போனியா?" என்று கேட்டார்.

"பாசாருக்கு, காய்கறி வாங்க" என்றேன். அவர் நம்பினார்.