வேம்பக்கோட்டைக்குப் போன ஜெர்மன் கார்

உலகத்தில் முதன்முதலாக நெடுந்தூரம் கார் ஓட்டிக்கொண்டு போனது ஒரு பெண் என்பது எனக்கு ஆறாம் வகுப்புப் படிக்கும்போதே தெரியும். எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் பெரியப்பா வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து, கொடுத்த காப்பி ஆறிப்போகும்வரை அந்தக் கதையைச் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கும் தம்பிக்கும் மனப்பாடமாகிவிட்டது. பெரியப்பா எங்கேயாவது ஒரு வரியை விட்டால் தம்பி எடுத்துக்கொடுப்பான்.

பெரியப்பா அப்போதுதான் ஒரு ஜெர்மன் கார் வாங்கியிருந்தார். புதுசு இல்லை. கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர் ஆசைதீர ஓட்டிவிட்டுக் கைமாற்றிய டீசல் வண்டி. வெள்ளை நிறம், மூக்கு நுனியில் ஒரு நட்சத்திரம். அந்தப் பணத்துக்குப் பளபளவென்று புதுக் காரே வாங்கியிருக்கலாம் என்று அப்பா உட்பட எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். பெரியப்பா கேட்கவில்லை. சிவகாசியில் கூட்டுக் குடும்பமாக இருந்த எங்களுக்குக் காலண்டர் அடிக்கும் பிரஸ் இருந்தது. அதில் ஓடிய அச்சு மிஷின் ஜெர்மன்காரன் செய்தது, என் அப்பாவைவிட வயதில் மூத்தது. காலண்டர் சீசன் சூடுபிடித்துவிட்டால் ராப்பகலாக ஓடும், ஒரு முனகல் இருக்காது. அந்த மிஷின் மேல் இருந்த பக்தியை அப்படியே கார் மேலும் வைத்துவிட்டார் பெரியப்பா. சாயங்காலம் வண்டிச் சாவி பூஜை அறையில் முருகன் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். மறுநாள் அவர்தான் எடுத்து டிரைவரிடம் கொடுப்பார். வேறு யாரும் தொடக்கூடாது.

அவர் சொல்லும் கதை இதுதான். காரைக் கண்டுபிடித்து, கம்பெனியையும் ஆரம்பித்த ஜெர்மன்காரர், செய்த வண்டியை ஊருக்குள்ளேயே சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதெல்லாம் ஓடுமா, வழியில் படுத்துக்கொள்ளுமா என்று ஊரே கேலி பேசியதாம். ஒருநாள் விடியற்காலை அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அவருடைய மனைவி இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, ஒரு சீட்டு மட்டும் எழுதி வைத்துவிட்டு, தன் அம்மா வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டாராம். எண்ணெய் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினாராம். குழாய் அடைத்தபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்தி எடுத்தாராம். ஒரு கம்பி உரசித் தேய்ந்தபோது காலுறையைக் கட்டும் நாடாவை அவிழ்த்துச் சுற்றினாராம். மேட்டில் ஏறாதபோது பிள்ளைகள் தள்ளினார்களாம். சாயங்காலம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாராம். “அன்னைக்கு எடுத்த பேருய்யா அது. இன்னைக்கு வரைக்கும் கெடலை” என்று பெரியப்பா தொடையில் தட்டி முடிப்பார்.

பெரியம்மா அடுக்களையில் இருந்தே கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம் மட்டும், “அந்தம்மா வண்டியச் சோதிச்சுப் பாக்கவா போச்சு? அவுக அம்மாவப் பாக்கப் போச்சு. அதச் சொல்ல மாட்டேங்காகளே உங்க பெரியப்பா” என்றார்.

பெரியம்மாவுக்கும் கார் ஓட்டத் தெரியும். அது ஒரு தமாஷ். கார் வந்த புதிதில், நம் வீட்டுப் பெண்களும் ஓட்டட்டுமே என்று பெரியப்பாவே பெருமையாக டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார். பெரியம்மா ஒழுங்காகக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு பெரியப்பாவுக்குச் சாவியைக் கொடுக்க மனசு வரவில்லை. லைசென்ஸ் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

எல்லாம் கெட்டது விருதுநகரில் ஒரு கல்யாணத்தில். நாங்கள் எல்லோரும் காரில்தான் போனோம். மண்டப வாசலில், அத்தனை ஜனமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வண்டி நின்றுபோனது. டிரைவர் என்னென்னவோ செய்தும் கிளம்பவில்லை. கடைசியில் மேளகாரர்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். அப்போது பெரியம்மாவின் தம்பி, வேம்பக்கோட்டை மாமா, மண்டபப் படியில் நின்றுகொண்டு சத்தமாகக் கேட்டுவிட்டார்: “ஏன் அத்தான், ஜெர்மன்ல இருந்து வண்டி மட்டுந்தான் வந்துச்சா? தள்ளுறதுக்கு ஆள் வரலையா?”

மண்டபமே சிரித்தது. மாமா வாய்க்கொழுப்பில் சொன்னாரே தவிர மனதில் ஒன்றும் கிடையாது. ஆனால் பெரியப்பா பந்தியில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், “இனிமே என் வண்டி அவன் வாசலை மிதிக்காது” என்று சபதம் போட்டார்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தானா மாமா வேம்பக்கோட்டையில் புது வீடு கட்டி முடிக்க வேண்டும்! புது வீட்டில் பால் காய்ச்சுவது கூடப்பிறந்தவளின் உரிமை. மாமாவுக்கு இருப்பது ஒரே அக்கா. பெரியம்மா வெண்கலப் பானையும் குத்துவிளக்கும் வாங்கி, விளக்கிப் பளபளவென்று வைத்துவிட்டார். பெரியப்பா அதைப் பார்த்தார். “நீ போ, நான் வேண்டாங்கல. பஸ்ஸுல போயிட்டு வா. வண்டி வராது” என்றார்.

பெரியம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. என் அம்மா, பஸ்ஸில்தான் போயிட்டு வாங்களேன் அக்கா, இதிலென்ன கௌரவம் என்றார். பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. “நான் பானையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸ விட்டு எறங்குனா, வண்டி பட்டறையில கெடக்குன்னு என் தம்பியே மறுபடி சிரிப்பான். போகாம இருந்தா அவன் வீட்டுல அவன் கொழுந்தியா பால் காய்ச்சுவா. ரெண்டும் எனக்கு ஆகாது.”

பால் காய்ச்சும் நாள் காலையில் பெரியப்பா, பெரியம்மாவின் முகத்தில் விழிக்கப் பயந்தவர்போல, குளித்ததும் நடந்தே பிரஸ்ஸுக்குப் போய்விட்டார். பெரியம்மா விளக்கேற்றினார். முருகனைக் கும்பிட்டார். கும்பிட்ட கையாலேயே சாவியை எடுத்தார். ஜெர்மன்காரம்மா சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். பெரியம்மா இட்டிலியும் தேங்காய்ச் சட்னியும் மூடி வைத்துவிட்டு வந்தார். அம்மா வாயில் கைவைத்து நின்றார். பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னி நின்ற என்னையும், ஒரு காலில் மட்டும் ஷூ போட்டிருந்த தம்பியையும் பார்த்துப் பெரியம்மா, “ஏலே, ரெண்டு பேரும் ஏறுங்க” என்றார். எங்களுக்கு வேறென்ன வேண்டும்!

தெருமுனை வரைக்கும் வண்டி தவளைபோலத் தாவித் தாவிப் போனது. பெரியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்திருந்தார். ஊரைத் தாண்டியதும் வண்டி அவருக்குப் பழகியதோ, அவர் வண்டிக்குப் பழகினாரோ, அருமையாக ஓடியது. இரண்டு பக்கமும் பட்டாசுக் கம்பெனிகள், கம்பிவேலிகள், கருவேல மரங்கள். காலடியில் வெண்கலப் பானையும் மடியில் குத்துவிளக்குமாக முன்சீட்டில் உட்கார்ந்திருந்த நான், எதிரே வருகிற எல்லோரும் எங்களைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையிலேயே பார்க்கத்தான் செய்தார்கள்.

பாதி வழி தாண்டியிருப்போம். இன்ஜின் மூடிக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று வெள்ளையாக ஆவி கிளம்பியது. பெரியம்மா ஓரங்கட்டி நிறுத்தி மூடியைத் தூக்கினார். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாய் கீறிப்போய்த் தண்ணீர் கொதித்து ஒழுகிக்கொண்டிருந்தது. தம்பி அழ ஆரம்பித்தான். எனக்கும் அழுகை வந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் போகாவிட்டால் பால் பானை அந்தக் கொழுந்தியாள் கைக்குப் போய்விடுமே!

பின்னாலேயே பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஒன்று வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, “எக்கா, இது நம்மளால ஆகாது. மெக்கானிக்குக்குச் சொல்லி விடுதேன், மத்தியானத்துக்குள்ள வந்துருவான்” என்றார்.

“மத்தியானம் வரைக்கும் நின்னா எனக்குப் பால் காய்ச்ச முடியாதுப்பா, தயிருதான் கடையணும்” என்றார் பெரியம்மா. “ஒங்கிட்ட சைக்கிள் ட்யூப் கெடக்கா?”

வேன் மேலே சாமான் கட்டுவதற்கு டிரைவர் வைத்திருந்த பழைய ட்யூபை வாங்கிக் கிழித்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, கீறின இடத்தில் இறுக்கி இறுக்கிச் சுற்றினார். அதன் மேல் கட்ட ஒரு கயிறு வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தவர் கடைசியில் என் தலையைப் பார்த்தார். என் இரட்டைச் சடையிலிருந்த சிவப்பு ரிப்பன் இரண்டும் அவிழ்ந்தன.

“பெரியம்மா! ஜெர்மன்காரம்மா நாடா!” என்று தம்பி கத்தினான். பெரியம்மா அன்று காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

அதற்குள் வேனில் இருந்த பெண்களெல்லாம் இறங்கிச் சூழ்ந்துவிட்டார்கள். “ஏ ஆத்தி, பொம்பளயா ஓட்டியாந்தது!” என்று ஒரு அக்கா கன்னத்தில் கை வைத்தார். எங்கன போறீக என்று கேட்டார்கள். பெரியம்மா சொன்னார். அவர்களில் மூத்தவரான ஒரு அம்மா, வெற்றிலையைத் துப்பிவிட்டு, “கூடப்பொறந்தவ காய்ச்சாம வேற எவ காய்ச்சுவா? குடுங்கடி அம்புட்டுத் தண்ணியையும்” என்று அதட்டினார். வேலைக்குக் குடிக்கக் கொண்டுபோன பாட்டில்களையெல்லாம் கொண்டுவந்தார்கள். வண்டி சூடு ஆறும்வரை பொறுத்திருந்து, துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகி, ஒவ்வொன்றாக ஊற்றினார்கள். ஒழுகவில்லை. ரிப்பன் பிடித்துக்கொண்டது.

ஆனால் சாவியைத் திருகினால் வண்டி கிளம்ப மாட்டேன் என்றது. பெரியம்மா தலையை வெளியே நீட்டினார். அவர் கேட்கும் முன்பே அத்தனை பெண்களும் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் போய்விட்டார்கள். “ஏட்டி, தள்ளுங்கடீ!” என்று ஒரே கூச்சல். ஜெர்மனியிலிருந்து வராத ஆட்கள் வேனிலிருந்து வந்துவிட்டார்கள். வண்டி உருண்டது, குலுங்கியது, கடகடவென்று உயிர் பிடித்தது. பின்னால் எழுந்த குலவைச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நிறுத்தினால் மறுபடி நின்றுவிடும் என்று பெரியம்மா நிறுத்தாமலே கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டு போனார்.

வேம்பக்கோட்டை மாமா வீட்டு வாசலில் சொந்தக்காரர் கூட்டம் மொத்தமும் நின்றது. மாமாவின் கொழுந்தியாள் வீட்டிலிருந்த வேறொரு பானையைக் கையில் எடுத்தேவிட்டாராம். பெரியம்மா ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பால் பொங்கும்போது வெடிக்க விரித்து வைத்திருந்த பத்தாயிரம் வாலாவை, காரைக் கண்ட சந்தோஷத்தில் யாரோ ஒரு பையன் அப்போதே கொளுத்திவிட்டான். அந்தப் புகைக்கு நடுவில் பெரியம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கையெல்லாம் கரி, கொண்டை அவிழ்ந்து கிடந்தது. அம்மன் தேரிலிருந்து இறங்கியதுபோல எனக்குத் தோன்றியது.

மாமா காருக்குள் குனிந்து பார்த்தார். “அக்கா, டிரைவர் எங்க?”

“நாந்தாம்ல டிரைவர்.”

மாமா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, “வழியில எங்கயும் நிக்கலையா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நின்னா எப்படில நேரத்துக்கு வந்திருப்பேன்?” என்றார் பெரியம்மா. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்த தம்பியின் வாய்க்குள் பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு லட்டு போய் அடைத்துக்கொண்டது.

நல்ல நேரம் முடிவதற்குள் பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாக, அடுப்பு அணைகிற அளவுக்குப் பொங்கியது. மாமா எல்லோருக்கும் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் அன்னைக்குப் பேசுனது தப்புன்னு அத்தான்கிட்ட சொல்லுக்கா. நானே வந்தும் சொல்லுதேன்” என்றார். பெரியம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு “ம்” என்றார். அந்த ஒரு “ம்”முக்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு வரலாம்.

திரும்பும்போது யாரும் தள்ளவேண்டியிருக்கக்கூடாது என்று அவர் வண்டியைத் தெருச் சரிவில் நிறுத்தி வைத்திருந்தது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். வழியில் அந்தப் பட்டாசுக் கம்பெனி வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே, ஒரு வாளி லட்டைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வீட்டு வாசலில் பெரியப்பா நின்றிருந்தார். நான் குத்துவிளக்கு இல்லாத மடியில் கைகளை இறுக்கிக்கொண்டேன். அவர் காரைச் சுற்றி வந்தார். மூடி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பெரியம்மா சாவியை நீட்டினார். பெரியப்பா வாங்கவில்லை.

“பால் பொங்குச்சா?”

“பொங்குச்சு. நீங்க சாப்பிட்டீகளா?”

“ம்.”

அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த இடி விழவே இல்லை. மறுநாள் காலை அவர் மூடியைத் தூக்கியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். கரி பிடித்த என் ரிப்பன் முடிச்சோடு இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் வந்து புதுக் குழாய் போட்டார். “இந்தக் கிழிஞ்ச ரப்பர்க் குழாய் சாத்தூர்ல போட்டது, ஜெர்மன் இல்ல, தெரியும்ல?” என்று பெரியப்பா அவரிடம் சண்டைக்குப் போனார். ஆனால் தூக்கி எறியப்போன ரிப்பன்களை மட்டும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் திட்டுவார்கள், என் ரிப்பனைக் கொடுங்கள் என்று கேட்டேன். சாயங்காலம் கடையிலிருந்து ஒரு கட்டுச் சிவப்பு ரிப்பன் வாங்கி வந்து கொடுத்தாரே தவிர, அதைக் கொடுக்கவில்லை. ஒன்றைத் துவைத்து வண்டிச் சாவியில் முடிந்துவிட்டார். அந்தச் சாவியும் முருகன் படத்தை விட்டு இறங்கி, அடுக்களைக் கதவு ஆணிக்கு வந்துவிட்டது. ஜெர்மன்காரம்மா கதையை அவர் விடாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். முடிவு மட்டும் மாறிவிட்டது. சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொல்வதற்குப் பதிலாக, “அவுக அம்மாவப் போய்ப் பாத்துட்டாக” என்று முடித்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியம்மாவை என்றைக்காவது திட்டுவதற்கு ஒரு சாட்சி வேண்டுமென்றுதான் அந்த ரிப்பனைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்தத் திட்டு இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ரொம்ப நாள் பயந்துகொண்டே இருந்தேன்.